ஆயிரம் கணக்கு போட்டால் பிசிக்ஸ் வருமா?

நீட் தேர்வின் 180 கேள்விகளில் இயற்பியலுக்கு 45. சரியான விடைக்கு நான்கு மதிப்பெண். தவறினால் ஒன்று பறிபோகும். மூன்று மணி நேரத்தைச் சமமாகப் பிரித்தால் கேள்விக்கு ஒரு நிமிடம். கால்குலேட்டர் கிடையாது. உயிரியலில், படித்தது நினைவுக்கு வந்துவிட்டால் அரை நிமிடத்தில் வட்டத்தைக் கருமையாக்கிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். இயற்பியலில் படம் வரைய வேண்டும், எந்த விதி பொருந்தும் என்று முடிவு செய்ய வேண்டும், அதன்பின் பெருக்கி வகுத்து விடைக்கு வர வேண்டும். மருத்துவம் படிக்க ஆசைப்படும் பிள்ளைகளில் பலருக்கு வயிற்றைக் கலக்கும் பகுதி இதுதான்.

2025 மே 4 அன்று 22 லட்சத்துக்கும் அதிகமானோர் இந்தத் தேர்வை எழுதினார்கள். வெளியே வந்தவர்கள் பலரும் இயற்பியலைச் சொல்லித்தான் புலம்பினார்கள். முந்தைய ஆண்டின் இறுதிப் பட்டியலில் 17 பேர் 720-க்கு 720 வாங்கியிருக்க, 2025-இல் நாட்டிலேயே முதலிடம் பிடித்த மதிப்பெண் 686.

இந்த பயத்துக்குப் பயிற்சி மையங்கள் தரும் மருந்து பெரும்பாலும் ஒன்றே: இன்னும் நிறைய போடு. கோட்டாவானாலும் நாமக்கல்லானாலும் தினசரிப் பயிற்சித் தாள், வாரத் தேர்வு, மாதிரித் தேர்வு, பத்தாண்டு வினாத் தொகுப்பு என்று கேள்விகள் குவிகின்றன. இன்று எத்தனை முடித்தாய் என்பதே வீட்டிலும் கேள்வி, விடுதியிலும் கேள்வி. எண்ணிக்கையை நம்பி ஒரு தலைமுறையே படிக்கிறது. அந்த நம்பிக்கை எவ்வளவு சரி என்பதை இயற்பியல் கற்பித்தலை ஆராய்ந்தவர்கள் நாற்பது ஆண்டுகளாகச் சோதித்துப் பார்த்துவருகிறார்கள். அவர்கள் கண்டது நம் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் போதுமான அளவு வந்து சேரவில்லை.

முதலில் தென் கொரியா. நுழைவுத் தேர்வுக்காகப் பிள்ளைகள் இரவு பகலாகப் படிப்பதில் அந்த நாடு நமக்குச் சளைத்ததல்ல. யுன்சூக் கிம், சங்-ஜே பாக் என்ற இரு ஆய்வாளர்கள் 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பல்கலைக்கழகத்தில் அப்போதுதான் சேர்ந்த 27 மாணவர்களிடம், பள்ளிக் காலத்தில் இயற்பியலில் எத்தனை கணக்கு போட்டிருப்பீர்கள் என்று கேட்டார்கள். குறைந்தது 300, அதிகபட்சம் 2,900, சராசரியாக 1,500 என்று விடை வந்தது. சூத்திரத்தைக் கையாள்வதிலும் கணிதத்திலும் அவர்களுக்குச் சிரமமே இல்லை. ஆனால் விசை என்றால் என்ன, முடுக்கம் எந்தத் திசையில் இருக்கும் என்பது போன்ற அடிப்படைக் கேள்விகளில் பலர் தடுமாறினார்கள். போட்ட கணக்கின் எண்ணிக்கைக்கும் புரிதலுக்கும் சொல்லும்படியான தொடர்பே தென்படவில்லை. 27 பேர் சிறிய கூட்டம்தான். இருந்தாலும், எண்ணிக்கையே எல்லாம் என்ற நம்பிக்கையை அசைக்க அது போதும்.

கணக்கு போடத் தெரிந்தவருக்குக் கருத்து புரியாமல் இருக்க முடியுமா? ஒரு சின்னக் கேள்வியை வைத்துப் பார்க்கலாம்.

நாணயத்தை மேல்நோக்கிச் சுண்டுகிறோம். அது கையை விட்டுக் கிளம்பிவிட்டது, இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கிறது. காற்றின் தடையைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அந்தக் கணத்தில் நாணயத்தின் மீது செயல்படும் விசை எது? (அ) கீழ்நோக்கிய ஈர்ப்பு விசை மட்டும். (ஆ) ஈர்ப்பு விசையோடு, குறைந்துகொண்டே வரும் மேல்நோக்கிய விசையும். (இ) மேல்நோக்கிய விசை மட்டும். (ஈ) உச்சியை எட்டும்வரை எந்த விசையும் இல்லை.

சரியான விடை அ. கை நாணயத்தைத் தொட்டுக்கொண்டிருந்தவரைதான் கையின் விசை. விட்டபின் நாணயத்துக்கு இருப்பது வேகம். அதைப் பிடித்து இழுப்பது புவி மட்டுமே. ஆயினும் ஜான் கிளெமென்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1982-இல் வெளியிட்ட ஆய்வில், பொறியியல் மாணவர்களில் பெரும்பாலோர் நாணயத்தின் படத்தில் மேல்நோக்கி ஒரு விசை அம்பையும் வரைந்திருந்தார்கள். இயங்குவியல் பாடத்தைப் படித்து முடித்தவர்களிலும் அப்படி வரைந்தவர்களே அதிகம்.

இப்படி அம்பு வரையும் பிள்ளையிடமே, விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் மேலே எறிந்த பந்து எவ்வளவு உயரம் போகும், ஜி-யின் மதிப்பைப் பத்து என்று வைத்துக்கொள் என்றால் 20 மீட்டர் என்று பத்தே விநாடியில் சொல்லிவிடும். சூத்திரத்தில் எண்ணைப் போட்டால் விடை விழுகிறது. மேல்நோக்கி விசை இருப்பதாக உள்ளுக்குள் நம்பிக்கொண்டே இந்தக் கணக்கை ஆயிரம் முறை சரியாகப் போடலாம். கொரிய மாணவர்களுக்கு நடந்தது இதுதான்.

ஆ என்ற விடையைத் தேர்ந்தவரை மண்டு என்று ஒதுக்கவும் முடியாது. எறிந்த பொருளுக்குள் எறிந்தவர் கொடுத்த ஏதோ ஒன்று தங்கியிருந்து, காற்றின் தடையாலும் எடையாலும் மெல்லக் குறைகிறது என்ற கருத்தை 14-ஆம் நூற்றாண்டின் பாரிஸில் ழான் புரிதான் போன்ற பேரறிஞர்கள் விரிவாக வாதிட்டிருக்கிறார்கள். கலிலியோவும் நியூட்டனும் வந்து அதைக் களைய இன்னும் சில நூறு ஆண்டுகள் ஆயின. பதினேழு வயதுப் பிள்ளை ஒரு பாடவேளையில் அதைக் களைந்துவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

நல்ல பலவுள் தெரிவு வினாவின் உயிர் தவறான விடைகளில்தான் இருக்கிறது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஹெஸ்டினஸும் அவரது கூட்டாளிகளும் 1992-இல் வெளியிட்ட விசைக் கருத்துச் சோதனை இதற்கு உலகம் முழுதும் மேற்கோள் காட்டப்படும் எடுத்துக்காட்டு. அதில் கணக்கீடே கிடையாது. ஒவ்வொரு தவறான விடையும் மாணவர்கள் உண்மையிலேயே மனதில் வைத்திருக்கும் நம்பிக்கையிலிருந்து எடுக்கப்பட்டது. எனவே ஒரு மாணவர் எந்தத் தவறைத் தேர்கிறார் என்பதை வைத்தே அவருக்குள் இருக்கும் சிக்கலைச் சொல்லிவிடலாம்.

அதன் முன்னோடியான சோதனை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தையும் விட்டுவைக்கவில்லை. அங்கே இயற்பியல் கற்பித்த எரிக் மசூர், தம் மாணவர்களுக்கு இது விளையாட்டுப் போலத்தான் இருக்கும் என்று நினைத்துக் கொடுத்துப் பார்த்தார். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதுவதா, நான் உண்மையில் நினைக்கிறபடி எழுதுவதா என்ற பொருளில் ஒரு மாணவர் கேட்டாராம். முடிவுகள் மசூரை உலுக்கின. அதன்பிறகு அவர் வகுப்பு நடத்தும் முறையையே மாற்றினார். வகுப்பின் நடுவே ஒரு பலவுள் தெரிவு வினா. முதலில் தனியாக யோசித்து விடை சொல்ல வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் வாதாடி அவரை ஒப்புக்கொள்ள வைக்க முயல வேண்டும். மறுபடி விடை சொல்ல வேண்டும். இந்த முறையை விளக்கி 1997-இல் அவர் எழுதிய நூல் உலகெங்கும் வகுப்பறைகளுக்குப் போனது. அடுத்த ஆண்டே ரிச்சர்ட் ஹேக் என்ற இயற்பியலாளர், இத்தகைய சோதனைகளில் 6,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் பெற்ற மதிப்பெண்களைத் திரட்டி ஒப்பிட்டார். மாணவர்கள் பேசி, வாதித்துக் கற்ற வகுப்புகளில் கிடைத்த முன்னேற்றம், விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது.

பலவுள் தெரிவு வினாதான் இங்கும், அங்கும். நம் விடுதிகளில் அது ஆளைக் கழிக்கும் சல்லடை. மசூரின் வகுப்பில் அது பேச்சைத் தொடங்கிவைக்கும் சாவி.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, கணக்கு போடுவதே வீண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எதிர்ப்பக்கச் சான்றும் வலுவாக இருக்கிறது. லெய் பாவ் தலைமையிலான குழு 2009-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு, சீனாவிலும் அமெரிக்காவிலும் கல்லூரியில் நுழையும் மாணவர்களை ஒப்பிட்டது. மேலே சொன்ன அதே விசைக் கருத்துச் சோதனையில் சீன மாணவர்களின் சராசரி நூற்றுக்கு 86. அமெரிக்கர்களின் சராசரி 49. பல ஆண்டுகள் தொடர்ந்து இயற்பியல் படித்து, கடும் நுழைவுத் தேர்வுக்காகப் பயிற்சி எடுத்த சீனப் பிள்ளைகளுக்குக் கருத்தும் கைவந்திருந்தது. ஆனால் பாடத்தைச் சாராத அறிவியல் தர்க்கச் சோதனையில் இரு நாட்டவரும் ஏறத்தாழ 75 என்ற ஒரே அளவில் நின்றார்கள். பயிற்சி பாடத்தைக் கற்றுத் தந்தது. பொதுவான தர்க்கத் திறனை அது தனியாக உயர்த்தவில்லை.

நினைவாற்றல் ஆய்வுகளும் பயிற்சியின் பக்கமே பேசுகின்றன. ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் 2006-இல் காட்டியபடி, பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, வாசித்துவிட்டுத் தம்மைத் தாமே சோதித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. நான்கு விடை கொண்ட தேர்வில் ஓர் ஆபத்தும் உண்டு. தவறான விடையைத் தேர்ந்த பிள்ளைக்கு அதுவே சரியென்று மனதில் பதிந்துவிடலாம். அந்த ஆபத்தையும், சரியான விடையைச் சொல்லித் திருத்தினால் பெரிதும் குறைக்கலாம் என்று ரோடிகரும் பட்லரும் 2008-இல் கண்டார்கள். நூறு கேள்வி போட்டுவிட்டு விடைப்பட்டியலைக்கூடப் பார்க்காமல் தூங்கப்போகும் பிள்ளை, தன் தவறுகளைத் தானே மனப்பாடம் செய்துகொண்டு தூங்குகிறது.

ஆக, பயிற்சி பலன் தரும். எல்லாப் பயிற்சியும் தராது. எங்கே பலன் நழுவுகிறது என்பதற்கு ஒரு பழைய ஆய்வு நல்ல துப்பு தருகிறது. மிஷலின் சீ என்ற உளவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் 1981-இல் இயற்பியல் கணக்குகளை அட்டைகளில் எழுதி, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து அடுக்கச் சொன்னார்கள். தொடக்கநிலை மாணவர்கள் சாய்தளக் கணக்குகளை ஒரு கட்டாகவும், சுருள்வில் கணக்குகளை ஒரு கட்டாகவும் அடுக்கினார்கள். முனைவர் பட்ட மாணவர்களோ ஆற்றல் அழிவின்மைக்கு ஒரு கட்டு, நியூட்டனின் இரண்டாம் விதிக்கு ஒரு கட்டு என்று பிரித்தார்கள். சாய்தளமும் சுருள்வில்லும் ஒரே கட்டில் போய் விழுந்தன. கணக்கின் உடையைப் பார்ப்பவர் ஒருவர், உடம்பைப் பார்ப்பவர் மற்றவர்.

நம் பயிற்சித் தாள்கள் பெரும்பாலும் உடையைப் பார்க்கவே பழக்குகின்றன. பாடவாரியாகக் கேள்விகள் வருகின்றன. தாளின் தலைப்பிலேயே 'வேலை, ஆற்றல், திறன்' என்று போட்டிருக்கும்போது எந்த விதியை எடுப்பது என்று பிள்ளை யோசிக்கவே வேண்டாம், தலைப்பே சொல்லிவிடுகிறது. மீதி இருப்பது எண்ணை எடுத்துச் சூத்திரத்தில் போடும் வேலை. தேர்வுக் கூடத்திலோ 45 கேள்விகளும் கலந்து வருகின்றன, தலைப்பில்லாமல். முதல் பத்து விநாடியில் எந்த விதி என்று அடையாளம் காண்பதுதான் பாதிப் போராட்டம். வீட்டில் அதற்குப் பழக்கமே இல்லை.

லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜோஷுவா சமானியும் ஸ்டீவன் பானும் இதை நேரடியாகச் சோதித்து 2021-இல் வெளியிட்டார்கள். இயற்பியல் வீட்டுப்பாடத்தில் ஒரு பிரிவுக்கு ஒரே வகைக் கணக்குகளை அடுத்தடுத்து வைத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு அதே கணக்குகளைக் கலைத்துப் போட்டுக் கொடுத்தார்கள். முன்னறிவிப்பின்றி வைத்த தேர்வில் கலைத்துப் போட்டவர்களே தெளிவாக முன்னே நின்றார்கள். கூடவே இன்னொன்றும் தெரிந்தது: கலைத்துப் போட்டவர்களுக்கு அது கடினமாக இருந்தது, தாங்கள் குறைவாகவே கற்றதாகவும் நினைத்தார்கள். பெற்றோர் இதை மனதில் வைக்க வேண்டும். பாடவாரித் தேர்வில் 45-க்கு 42 வாங்கிச் சிரிக்கும் பிள்ளையைவிட, கலப்புத் தேர்வில் 28 வாங்கி முகம் வாடும் பிள்ளை உண்மையில் அதிகம் கற்றுக்கொண்டிருக்கக்கூடும்.

இனி, ஷார்ட்கட். இந்தச் சொல்லைக் கேட்டாலே நல்லாசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் ஷார்ட்கட் எல்லாம் ஒரே ரகமில்லை.

ஒரு கப்பியின் இரு புறமும் கயிற்றில் இரண்டு எடைகள் தொங்குகின்றன. முடுக்கம் என்ன என்று கேள்வி. விடைகள் நான்கு: நிறைகளின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்து ஜி-யால் பெருக்கியது, கூட்டுத்தொகையை வித்தியாசத்தால் வகுத்துப் பெருக்கியது, பெரிய நிறையைக் கூட்டுத்தொகையால் வகுத்துப் பெருக்கியது, இரு நிறைகளின் பெருக்கற்பலனை இரட்டித்து, கூட்டுத்தொகையால் வகுத்து, ஜி-யால் பெருக்கியது. சமன்பாடு எழுதித் தீர்க்க ஒரு நிமிடமாவது ஆகும். ஆனால் இப்படி யோசிக்கலாம். இரண்டு எடையும் சமமென்றால் எதுவும் நகரக் கூடாது, முடுக்கம் பூஜ்யம். இரண்டாவது விடையில் பூஜ்யத்தால் வகுக்க வேண்டிவருகிறது, தள்ளு. மூன்றாவதில் ஜி-யில் பாதி வருகிறது, தள்ளு. நான்காவதின் பரிமாணத்தைப் பார்த்தால் அது முடுக்கமே இல்லை, விசை. கயிற்றின் இழுவிசையைத்தான் வினா அமைத்தவர் கண்ணியாக வைத்திருக்கிறார். மீதம் முதல் விடை. சிறிய எடையை எடுத்துவிட்டால் பெரியது ஜி-யோடு தடையின்றி விழும் என்பதும் அதில் ஒத்துவருகிறது. இருபது விநாடி வேலை. எல்லைநிலை, பரிமாணம், சமச்சீர் ஆகியவற்றைக் கொண்டு விடையைச் சரிபார்ப்பது ஆய்வு செய்யும் இயற்பியலாளர்கள் தினமும் செய்வது. இதைக் குறுக்குவழி என்று ஒதுக்கினால் பிள்ளைக்குத்தான் இழப்பு.

இன்னொரு ரகம், நிபந்தனையைச் சொல்லாமல் சூத்திரத்தை மட்டும் உருப்போடச் சொல்வது. எறிபொருளின் கிடைத்தள நெடுக்கத்துக்கு ஒரு சிறு சூத்திரம் உண்டு. எறிந்த மட்டத்திலேயே பொருள் வந்து விழுந்தால்தான் அது செல்லும். கோபுரத்தின் உச்சியிலிருந்து எறிந்த கணக்கிலும் அதையே தூக்கிப் போட்டு விடை எடுத்தால், அந்தத் தவறான விடையும் நான்கில் ஒன்றாகக் காத்திருக்கும். வினா அமைப்பவருக்கு அந்தச் சூத்திரம் நன்றாகவே தெரியும்.

மதிப்பெண் விதியையும் பயிற்சியின் பகுதியாகவே பார்க்க வேண்டும். நெகட்டிவ் மார்க் என்ற பேச்சு பிள்ளைகளை அளவுக்கு மீறிப் பயமுறுத்துகிறது. நான்கு விடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால் சராசரியாகக் கிடைப்பது கால் மதிப்பெண். 45-ஐயும் அப்படியே தொட்டாலும் சராசரியாகக் கிடைப்பது 11 சொச்சம்தான், அதிலும் ஏற்ற இறக்கம் அதிகம். ஆனால் ஒரு தவறான விடையை உறுதியாகத் தள்ள முடிந்தால் சராசரி லாபம் மூன்றில் இரண்டு பங்கு மதிப்பெண்ணாகிறது. இரண்டைத் தள்ள முடிந்தால் ஒன்றரை. கப்பிக் கணக்கில் செய்தது போலத் தள்ளக் கற்ற பிள்ளைக்கு, முழுதாகத் தீர்க்க முடியாத கேள்வியிலும் மதிப்பெண் இருக்கிறது. இரண்டை உறுதியாகத் தள்ளியபின்னும் பயந்து காலியாக விடுவது கணக்குப்படி நஷ்டம்.

முதலில் தோன்றியதை மாற்றாதே என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் அறிவுரை. கிரூகரும் உடன் ஆய்ந்தவர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், விடையை மாற்றியவர்கள் தவறிலிருந்து சரிக்கு மாறியதே அதிகம். மாற்றிக் கெட்டது மட்டும் மனதில் ஆறாமல் நிற்பதால் அந்த அறிவுரை உயிரோடிருக்கிறது. நீட்டில் ஒரு கூடுதல் சிக்கல்: ஓஎம்ஆர் தாளில் பால்பாயிண்ட் பேனாவால் கருமையாக்கிவிட்டால் மாற்ற வழியில்லை. ஆகவே சந்தேகத்தை வினாத்தாளிலேயே தீர்த்துக்கொண்டு பிறகு வட்டத்துக்குப் போகும் பழக்கம் மாதிரித் தேர்விலேயே வர வேண்டும். பொறியியலுக்காகத் திரையில் எழுதும் ஜேஇஇ மெயினில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே கடைசி நிமிடம்வரை மாற்றலாம். அதன் 25 இயற்பியல் கேள்விகளில் ஐந்துக்கு விடையை எண்ணாகவே தர வேண்டும், தள்ளிப் பார்க்க விடைப்பட்டியலே இருக்காது. இரண்டுக்கும் ஒரே மாதிரிப் பழகினால் ஏதோ ஒன்றில் அடி விழும்.

பழைய வினாத்தாள்களைப் போடுவது பற்றி இரு கருத்து இல்லை. தேர்வின் நாடி அதில்தான் தெரியும். அதையும் பாடநூல் வரிகளையும் வேதவாக்காக எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல். 2024 நீட்டில் வந்த ஓர் இயற்பியல் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. இரண்டு கூற்றுகள். அணுவில் நேர், எதிர் மின்னூட்டங்கள் சம அளவில் இருப்பதால் அது மின் நடுநிலை கொண்டது என்பது முதல் கூற்று. ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை, தமக்கே உரிய நிறமாலையை உமிழ்கின்றன என்பது இரண்டாவது. ரேடியத்தையும் யுரேனியத்தையும் நினைத்துப் பார்த்த பிள்ளைக்கு இரண்டாவது கூற்று தவறென்று தெரியும். எல்லா அணுவும் நிலையானது கிடையாது. ஆனால் என்சிஇஆர்டி-யின் பழைய பதிப்பில் அந்த வாக்கியம் ஏறக்குறைய அப்படியே இருந்தது; புதிய பதிப்பில்தான் 'பெரும்பாலான' என்ற திருத்தம் வந்தது. அண்ணன், அக்காவின் பழைய புத்தகத்தை வரிக்கு வரி படித்திருந்த பிள்ளைகளும் சேர்ந்து, இரண்டு கூற்றும் சரி என்று 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விடையளித்தார்கள். தேசியத் தேர்வு முகமை முதலில் இரண்டு விடைக்கும் மதிப்பெண் தந்தது. நீதிமன்றம் கேட்டுக்கொண்டபடி டெல்லி ஐஐடி அமைத்த மூவர் குழு, ஒரே விடைதான் சரி என்றது. முழு மதிப்பெண் வாங்கியிருந்த 61 பேரில் 44 பேர் அந்த ஒரு கேள்வியால் கீழே இறங்க, 17 பேர் மிஞ்சினார்கள். வரியை உருப்போட்டவருக்கும் அந்த வரி உண்மையா என்று யோசித்தவருக்கும் இடையிலான தூரம் அன்று ஐந்து மதிப்பெண்.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கதையில் தனிப் பங்கு உண்டு. 1984-இல் எம்.ஜி.ஆர். அரசு தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்தது. பிளஸ் டூவின் 200 மதிப்பெண்ணோடு நுழைவுத் தேர்வின் 100-ஐயும் கூட்டி 300-க்குக் கட் ஆஃப் போட்ட காலத்தை இன்று நாற்பதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2006-இல் இயற்றிய சட்டத்தால் அது விலக, 2007-08 முதல் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்றானது. பத்தாண்டு கழித்து 2017-இல் மருத்துவத்துக்கு நீட் வந்து சேர்ந்தது. அந்தத் தேர்வு வேண்டுமா என்ற அரசியல் கேள்வி தனியே நடக்கிறது, நடக்கட்டும். தேர்வு இருக்கும்வரை அதை எழுதும் பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே.

இடைப்பட்ட பத்தாண்டில் நம் பள்ளிகளில் நான்கு விடைக் கேள்வி என்றால் 'புக் பேக் ஒன் மார்க்' என்ற அளவுக்குச் சுருங்கியிருந்தது. பிளஸ் டூ இயற்பியலில் 150-க்கு 30 மதிப்பெண் அதற்கு. கேள்வியின் முதல் சில சொற்களைப் பார்த்ததும் விடை 'இ' என்று சொல்லும் அளவுக்குப் பிள்ளைகள் உருப்போட்டார்கள். அது பயிற்சியாகவும் எண்ணப்பட்டது. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் பாட இறுதியில் நுழைவுத் தேர்வுகளில் வந்த கேள்விகளும், எந்த ஆண்டு வந்தவை என்ற குறிப்போடு, சேர்க்கப்பட்டன. நல்ல மாற்றம். ஆனால் அவற்றையும் பல இடங்களில் பழைய முறையிலேயே உருப்போட வைக்கிறார்கள்.

மொழி இன்னொரு தடை. 2018-இல் நீட் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு வந்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை அவ்வாண்டு இறுதியில் ரத்து செய்தது. ஐயம் வந்தால் ஆங்கில வினாவே இறுதியானது என்பது விதி. தமிழில் படித்த பிள்ளை திசைவேகம், உந்தம், மின்தேக்கி என்று படித்துவிட்டு, ஆங்கில மெட்டீரியலை வைத்துப் பயிற்சி எடுக்கிறது. கணக்கு புரியாததா, கேள்வி புரியாததா என்று அதற்கே தெரிவதில்லை.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கதவைக் கொஞ்சம் திறந்திருக்கிறது. உள்ளே நுழைய அவர்களுக்குக் கேள்விகள் குறையில்லை. இலவசச் செயலியில், பழைய புத்தகக் கடையில், மூத்தவர்கள் விட்டுச் சென்ற தாள்களில் கேள்விகள் கொட்டிக் கிடக்கின்றன. குறை வேறு இடத்தில். ஒரு பிள்ளை சாய்தளக் கணக்கில் 'ஆ' என்று போடுகிறது, சரியான விடை 'இ'. விடைப்பட்டியல் 'இ' என்று மட்டும் சொல்லும். வசதியுள்ள பிள்ளைக்கு ஓர் ஆள் இருக்கிறார்: நீ தளம் தரும் செங்குத்து விசையை எடைக்குச் சமம் என்று எடுத்துக்கொண்டாய், சமதளத்தில் அது சரி, சாய்தளத்தில் எடையைச் சாய்வுக்கோணத்தின் கொசைனால் பெருக்க வேண்டும், அதனால்தான் உராய்வு உனக்கு அதிகமாக வந்தது என்று அவர் சொல்வார். அந்த மூன்று வரிதான் பயிற்சி. அதற்காகத்தான் பலர் லட்சக்கணக்கில் பணம் கட்டுகிறார்கள்.

அந்த மூன்று வரியை எழுதிக்கொள்ளப் பிள்ளையே பழகலாம். தவறிய கேள்விகளுக்கென்று ஒரு நோட்டு. நான் ஏன் அந்த விடையை நம்பினேன் என்று ஒரு வரி, அது எங்கே பொய்த்தது என்று ஒரு வரி, எந்த நிலையில் அது சரியாக இருந்திருக்கும் என்று ஒரு வரி. பத்து கேள்வி போட்டு இப்படி எழுத, நூறு கேள்வி போடும் நேரம் ஆகலாம். ஹெச்.சி.வர்மா 1992-இல் வெளியிட்ட இயற்பியல் நூலை இன்றும் ஆசிரியர்கள் கையில் கொடுப்பதற்குக் காரணம் அதன் கேள்விகளின் எண்ணிக்கை இல்லை. ஒவ்வொரு அத்தியாயத்திலும் கணக்குக்கு முன்பே, யோசித்து வாயால் விடை சொல்ல வேண்டிய கேள்விகளை அவர் வைத்திருக்கிறார்.

வழி தெரியாத பிள்ளைக்கு அரசும் ஆசிரியர்களும் கை கொடுக்க வேண்டும். தமிழ்நாடு பாடநூல் கழகம் மேல்நிலை இயற்பியல் நூல்களின் பாட இறுதி ஒரு மதிப்பெண் வினாக்கள் அனைத்துக்கும் ஒரு துணைநூல் கொண்டுவரட்டும்: ஒவ்வொரு தவறான விடைக்கும் அது ஏன் ஈர்க்கிறது, எங்கே தவறுகிறது என்று எளிய தமிழில் மூன்று வரி, பக்கத்திலேயே ஆங்கில வினாவும் கலைச்சொற்களும், கடைசியில் பாடத்தலைப்பு போடாத கலப்புத் தாள்கள். எழுதத் தகுதியுள்ள முதுகலை ஆசிரியர்கள் மாவட்டந்தோறும் இருக்கிறார்கள். அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் பதினோராம் வகுப்பின் முதல் தொகுதிக்காவது இதைச் செய்து, பள்ளிகளுக்கு இலவசமாகக் கொடுத்துவிட வேண்டும்.